ஹர்ஹொரின் போகிறவர்களுக்கு: கல்லுக்கு முன் புல்லைப் பாருங்கள்

மங்கோலியாவுக்குப் போகும் பலர் ஹர்ஹொரினுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்குகிறார்கள். செங்கிஸ் கான் வம்சத்தின் பழைய தலைநகர் என்று கேள்விப்பட்டு வருகிறார்கள். மடாலயத்தைச் சுற்றி ஒரு வட்டம், கல் ஆமையோடு ஒரு படம், மறுநாள் காலை வண்டி ஏறிவிடுகிறார்கள். அரண்மனை எங்கே என்று தேடிச் சலித்துப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன். தரைக்கு மேல் அங்கே மிஞ்சியிருப்பது மிகவும் கொஞ்சம். ஆனால் ஒரு பேரரசின் தலைநகர் ஏன் அங்கே எழுந்தது, ஏன் அங்கே நிலைக்கவில்லை என்பதற்கான விடை இன்றும் கண்முன் கிடக்கிறது: புல், ஆறு, குளிர். இந்த மூன்றையும் முதலில் பார்த்துவிட்டுக் கற்களிடம் போனால் கற்கள் பேசும். அந்த வரிசையில்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். குறைந்தது நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் பெயரும் திசையும்

பாகிஸ்தான், லடாக் பக்கம் இருக்கும் காரகோரம் மலைத்தொடர் வேறு, இது வேறு. பழைய மங்கோலியத் தலைநகரின் பெயரும் காரகோரம்தான். இரண்டு பெயரும் கருங்கல் சரளை என்ற பொருள் தரும் துருக்கியச் சொல்லிலிருந்து வந்தவை. தொடர்பு அவ்வளவுதான். நகரம் இருந்த இடத்தை ஒட்டி இன்றைக்கு இருக்கும் சிற்றூரை மங்கோலியர்கள் ஹர்ஹொரின் என்கிறார்கள்.

மங்கோலியாவில் 21 மாகாணங்கள். ஒவ்வொன்றும் ஓர் 'ஐமக்'. ஐமக்கின் கீழே நம் தாலுகா போல வருவது 'சும்'. நாடு முழுக்க 330 சும்கள். சும் என்றால் அம்பு என்றும் பொருள். பழைய படைப் பிரிவுகளிலிருந்து வந்த பெயர் அது. ஹர்ஹொரின் சும், ஒவர்ஹாங்காய் மாகாணத்தின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஒரு சின்னப் பாலத்தையோ குன்றையோ தாண்டினால் பக்கத்து மாகாணமான அர்ஹாங்காய் வந்துவிடும். நீங்கள் பார்க்கப்போகும் இடங்களில் பாதி அங்கே இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

இந்த இரண்டு பெயர்களையும் கொஞ்சம் உடைத்துப் பாருங்கள். 'ஒவர்' என்றால் முன்பக்கம், 'அர்' என்றால் பின்பக்கம். ஹாங்காய் என்பது மலைத்தொடர். மங்கோலியர் தெற்கு நோக்கி நின்றுதான் திசை சொல்வார்கள். அதனால் முன்பக்கம் தெற்கு, பின்பக்கம் வடக்கு. வலது கைப்பக்கம் 'பாரூன்', அதுவே மேற்கு. இடது கைப்பக்கம் 'சூன்', அதுவே கிழக்கு. வழி கேட்கும்போது இந்த நான்கு சொற்கள் உங்களுக்கு வரைபடத்தைவிட அதிகம் உதவும். வீட்டு வாசல், கோயில் பெயர், மலையின் பெயர் எல்லாம் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

அடுத்து நிலம்

ஊருக்குத் தென்மேற்கில் ஒரு குன்று இருக்கிறது. அதன் உச்சியில் பேரரசுகளின் வரைபடங்களை வண்ண ஓடுகளால் பதித்த வளைந்த நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. போய்ச் சேர்ந்த முதல் மாலையே அங்கே ஏறுங்கள். ஓடுகளை அப்புறம் பார்க்கலாம். முதலில் கீழே பாருங்கள்.

கீழே வளைந்து வளைந்து போவது ஓர்ஹோன் ஆறு. ஹாங்காய் மலைகளில் பிறந்து, ஏறத்தாழ 1,124 கி.மீ. ஓடி, செலெங்கே ஆற்றில் கலந்து, கடைசியில் பைக்கால் ஏரியில் போய்ச் சேர்கிறது. மங்கோலியாவின் மிக நீளமான ஆறு இதுதான். ஆறு மலையை விட்டு இறங்கிச் சமவெளியில் பரந்து விரியும் இடத்தில் ஹர்ஹொரின் உட்கார்ந்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். ஒரு பக்கம் மலை, காடு, தண்ணீர். மறு பக்கம் கண் முடியும்வரை புல்.

அடுத்ததாக மலைச் சரிவுகளைக் கவனியுங்கள். வடக்கு பார்த்த சரிவில் லார்ச் மரக்காடு அடர்த்தியாக நிற்கும். அதே மலையின் தெற்கு பார்த்த சரிவில் ஒரு மரம் இருக்காது, வெறும் புல்தான். யாரோ வெட்டியது போலத் தோன்றும். வெட்டவில்லை. இங்கே மழை கொஞ்சம். தெற்குச் சரிவில் வெயில் நேரே விழுந்து மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது; மரத்துக்குப் போதாமல் போகிறது. வடக்குச் சரிவில் நிழலும், உறைந்த மண் மெல்ல விடும் ஈரமும் மரத்தைக் காப்பாற்றுகின்றன. ஸ்டெப்பி என்றால் என்ன என்று புத்தகத்தில் படிப்பதைவிட அந்த ஒரு மலையைப் பத்து நிமிடம் பார்த்தால் போதும்: மரம் வாழ முடியாத அளவு வறட்சி, பாலைவனம் ஆகாத அளவு ஈரம். நடுவில் கிடைக்கும் இடைவெளிதான் புல்வெளி.

குன்றிலிருந்து இறங்கும்போது குனிந்து புல்லைத் தொட்டுப் பாருங்கள். தூரத்தில் பச்சைக் கம்பளம் போலத் தெரிந்தது, கிட்டே வந்தால் கொத்துக் கொத்தாகப் பிரிந்துவிடும். கொத்துகளுக்கு நடுவே மண்ணும் சரளையும். மெல்லிய இறகு போன்ற நுனி உள்ள புல், வெள்ளை மயிர் படர்ந்த எடல்வைஸ் பூ, சாம்பல் பச்சையில் மாசிபத்திரியின் உறவுச் செடி. அந்தச் செடியைக் கசக்கி முகர்ந்தால் வரும் கசப்பு வாசம்தான் இந்த ஊரின் வாசம். குதிரை நடந்து போனாலே அது காற்றில் எழும்.

இந்த மெல்லிய தோல் போன்ற புல்லின் மேல்தான் எல்லாம் நிற்கிறது. குதிரை, ஆடு, வெள்ளாடு, மாடு, ஒட்டகம் என்று ஐந்து கால்நடைகளை மங்கோலியர் ஒரே மூச்சில் சொல்வார்கள். ஓர்ஹோனின் மேல்பகுதியில் மாட்டுக்குப் பதில் யாக் அதிகம். 1990களில் கூட்டுப்பண்ணைகள் கலைந்து மந்தைகள் குடும்பங்களின் கைக்கு வந்த பிறகு, காஷ்மீர் கம்பளிக்காக வெள்ளாடு பெருகியது. செம்மறி நுனியை மேயும். வெள்ளாடு வேர்வரை கடிக்கும். அந்தக் கம்பளிப் பணத்தில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள், வண்டி வாங்குகிறார்கள். ஆனால் புல் தாங்குகிறதா என்ற கவலை மேய்ப்பர்களுக்கே இருக்கிறது. பேச்சு அந்தப் பக்கம் போனால் பொறுமையாகக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாத எதையும் நாம் சொல்லிவிடப் போவதில்லை.

எந்த மாதம் போவது

சுருக்கமாகச் சொன்னால், ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய. குளிர் தாங்குவீர்கள் என்றால் செப்டம்பர் முதல் பாதி; லார்ச் மரங்கள் அப்போது பொன்னிறமாகும், கூட்டமும் குறைவு. ஜூலை 11 முதல் 13 வரை நாதம் திருவிழா. மல்யுத்தம், வில்வித்தை, குதிரைப் பந்தயம் மூன்றும் சும் அளவிலும் நடக்கும். தலைநகர் உலான்பாதரின் அரங்கத்தைவிட ஒரு சின்ன சும்மின் நாதம் எனக்குப் பிடித்தது. குதிரைகள் புழுதியோடு வந்து சேரும் இடத்தில் நீங்களும் நிற்கலாம். அந்த நாட்களில் தங்க இடம் கிடைப்பது கடினம், முன்கூட்டியே பேசிவையுங்கள்.

ஆண்டு முழுக்கப் பெய்வது 300 மி.மீ. சுற்றித்தான். அதில் பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்டில் கொட்டிவிடும். ஆகவே நீங்கள் போகும் காலம்தான் மழைக்காலமும். பயப்பட வேண்டாம், மழை வந்த வேகத்தில் போய்விடும். ஆனால் ஒரே நாளில் பகலில் 28 டிகிரி, மாலை ஆலங்கட்டி, இரவில் 7 டிகிரி என்று மாறலாம். கடல் வெகு தூரம், உயரமும் அதிகம், மேகம் குறைவு. பகலில் வாங்கிய சூட்டை இரவில் பிடித்துவைக்க வானத்தில் எதுவும் இல்லை. ஜூலையிலும் கம்பளிக் குல்லா எடுத்துப் போங்கள் என்று சொல்வது அதனால்தான்.

குளிர்காலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இந்த ஊரைப் புரிந்துகொள்ள முடியாது. சைபீரியாவின் கனத்த குளிர்காற்று இந்தப் பள்ளத்தாக்கின் மேல் மாதக்கணக்கில் அசையாமல் உட்காரும். ஜனவரி இரவுகளில் மைனஸ் 30க்கும் கீழே போகலாம். மங்கோலியர் இந்தக் குளிரை 'ஒன்பது ஒன்பது' என்று கணக்கிடுகிறார்கள். டிசம்பர் கடைசியில் மிக நீண்ட இரவு வந்ததும் தொடங்கி, ஒன்பது ஒன்பது நாட்களாக 81 நாள். முதல் ஒன்பதில் பாலில் வடித்த சாராயம் உறையும். இரண்டாவதில் இருமுறை வடித்த சாராயமும் உறையும். மூன்றாவதில் மூன்று வயதுக் காளையின் கொம்பு உறையும், நான்காவதில் நான்கு வயதுக் காளையின் கொம்பு. ஐந்தாவதில் வடித்த சோறு உறையாமல் நிற்கும். ஆறாவதில் பனி விலகிப் பாதை கறுப்பாகத் தெரியும், ஏழாவதில் குன்றின் தலை தெரியும், எட்டாவதில் மண் ஈரம் காணும், ஒன்பதாவதில் வெதுவெதுப்பு வரும். வெப்பமானி இல்லாத வீட்டிலும் இந்தக் கணக்கு இருக்கும்.

குளிர் மட்டும் என்றால் அவர்கள் சமாளித்துவிடுவார்கள். அஞ்சுவது 'சுட்' என்பதற்கு. கோடையில் மழை பொய்த்துப் புல் குறைந்து, பின்னால் கடும் குளிர்காலமும் சேர்ந்து வந்தால் கால்நடைகள் கூட்டம் கூட்டமாகச் சாகும். அதிலும் வகை உண்டு. ஆழமான பனி புல்லை மூடினால் வெள்ளைச் சுட். பனியே விழாமல் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனால் கறுப்புச் சுட். உருகிய பனி மறுபடி உறைந்து கண்ணாடிபோல் புல்லின் மேல் படிந்துவிட்டால் இரும்புச் சுட். ஆடு குளம்பால் தட்டித் தட்டிப் பார்க்கும், உடையாது. 2009-10 குளிர்காலத்தில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் செத்தன. 2023-24இலும் 70 லட்சத்தைத் தாண்டியது. மொத்த மக்கள்தொகையே 35 லட்சம் அளவுதான் என்பதை வைத்து யோசித்துப் பாருங்கள். ஒரு குளிர்காலம் முடியும்போது ஒரு குடும்பத்தின் சொத்து முழுக்க வாசலில் விறைத்துக் கிடக்கும். உலான்பாதரின் ஓரங்களில் மரவேலிக்குள் நிற்கும் கூடார வீடுகளில் பல, இப்படி எல்லாம் இழந்து வந்தவர்களுடையவை.

வசந்தம், அதாவது மார்ச்சிலிருந்து மே வரை, தயவுசெய்து தவிருங்கள். காற்று, புழுதி, மெலிந்த மாடுகள், குட்டி போடும் காலம். அவர்களுக்கே மூச்சுவிட நேரம் இருக்காது.

போய்ச் சேருவது, கையில் வைத்திருக்க வேண்டியவை

விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்பும் முன் மங்கோலியத் தூதரகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். இஸ்தான்புல், சியோல், ஹாங்காங் வழியாக உலான்பாதருக்கு விமானம் உண்டு. புதிய விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே சுமார் 50 கி.மீ. தள்ளி இருப்பதால், இறங்கிய அன்றே மேற்கே கிளம்பத் திட்டமிட வேண்டாம்.

உலான்பாதரிலிருந்து ஹர்ஹொரின் ஏறத்தாழ 360 கி.மீ. முழுக்கத் தார்ச் சாலை. நகரத்தின் மேற்கிலுள்ள டிராகன் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்து உண்டு; ஆறேழு மணி நேரம் ஆகும். தனி வண்டி பிடித்தால் வழியில் எல்சன் தசர்ஹாய் மணல்மேட்டில் நிறுத்தலாம். புல்வெளிக்கு நடுவே நீளமாக ஒரு மணல் பட்டை. சாலையில் வலப்பக்கம் போவார்கள். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள் ஏராளம் என்பதால் ஸ்டீயரிங்கும் பெரும்பாலும் வலப்பக்கமே இருக்கும். நீங்களே ஓட்டுவதாக இருந்தால் முந்திச் செல்லும்போது கவனம் வேண்டும். ஹர்ஹொரினைத் தாண்டினால் தார் குறையும், தடங்கள்தான். ஆற்றைக் கடக்கத் தெரிந்த உள்ளூர் ஓட்டுநர் இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

பணம் துக்ரிக். ஹர்ஹொரினில் வங்கியும் ஏடிஎம்மும் உண்டு. உள்ளே போகும் முன் சில்லறையாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தைப் போனில் இறக்கி வையுங்கள், பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றும் மழையும் புகாத மேலுடை, நெஞ்சுக்குக் கம்பளி, நல்ல காலணி, டார்ச், வெயிலுக்குக் களிம்பு. மருத்துவக் காப்பீடு இல்லாமல் போகாதீர்கள். பெரிய மருத்துவமனை வெகு தூரம். இரண்டு எச்சரிக்கைகள். வளைக்கு வெளியே நின்று கூவும் மர்மோட் என்ற கொழுத்த பிராணியைத் தொடக் கூடாது, அதன் இறைச்சியைச் சாப்பிடவும் கூடாது. பிளேக் நோய் அதன் மூலம் இன்றும் பரவுகிறது. அப்புறம் நாய். காவல் நாய்கள் விளையாட்டுக்கு அல்ல. எந்தக் கூடாரத்தை நெருங்கினாலும் தூரத்திலேயே நின்று "நொஹோய் ஹோர்!" என்று உரக்கச் சொல்லுங்கள். நாயைப் பிடியுங்கள் என்று அர்த்தம். நாயே இல்லாத வீட்டிலும் அதுதான் அழைப்பு மணி.

கெர் வீட்டில் ஓர் இரவு

ஊருக்குள் விடுதிகள் இருக்கின்றன. இருந்தாலும் குறைந்தது ஓர் இரவாவது மேய்ச்சல் குடும்பத்தின் 'கெர்' ஒன்றில் தங்குங்கள். வட்டமாக விரியும் மரச்சட்டச் சுவர், அதன் மேல் கம்பளித் துப்பட்டி, நடுவில் வானம் தெரியும் வளையம், அதைத் தாங்க இரண்டு தூண். வாசல் எப்போதும் தெற்கு பார்த்திருக்கும். வளையத்தின் வழியே விழும் வெயில், சுவரில் நகர்ந்து நகர்ந்து நேரம் காட்டும்.

உள்ளே நுழையும்போது வாசற்படியை மிதிக்கக் கூடாது, தாண்டி வையுங்கள். நுழைந்ததும் உங்கள் இடப்பக்கம், அதாவது மேற்குப் பக்கமாகப் போய் உட்காருங்கள். விருந்தினர் பக்கம் அது. வாசலுக்கு நேர் எதிரே வடக்கில் இருப்பது பெரியவர்களுக்கும் சாமி படத்துக்கும் உரிய இடம். இரண்டு தூணுக்கும் நடுவே புகுந்து போவதும், நடுவே ஒரு பொருளைக் கைமாற்றுவதும் தவறு. அடுப்பு நெருப்பில் குப்பை போடக் கூடாது. தெரியாமல் யார் காலையாவது மிதித்துவிட்டால் உடனே கைகொடுங்கள், சரியாகிவிடும். கொடுப்பதையும் வாங்குவதையும் வலது கையால் செய்யுங்கள்; இடது கை வலது முழங்கையைத் தாங்கட்டும். நமக்கு இது பழக்கமான மரியாதைதான்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி "சைன் பைனா ஊ", நலமா. அடுத்ததாகக் கோடையில் கால்நடைகள் நன்றாகக் கொழுத்தனவா என்று விசாரிப்பது வழக்கம். அது ஒப்புக்குக் கேட்கும் கேள்வி இல்லை. சுட் பற்றித் தெரிந்த பிறகு அந்தக் கேள்வியின் எடை உங்களுக்கும் புரியும்.

உட்கார்ந்த உடனே கிண்ணத்தில் சூடான பால் தேநீர் வரும். சர்க்கரை இருக்காது, உப்பு இருக்கும். முதல் வாய் திடுக்கிட வைக்கும், மூன்றாவது கிண்ணத்தில் பழகிவிடும். வாசலை ஒட்டி மாட்டுத்தோல் பை ஒன்று தொங்கினால், அது 'ஐரக்', பெண்குதிரைப் பாலைப் புளிக்கவைத்த பானம். உள்ளே மரக்கட்டை ஒன்று நிற்கும். வருகிறவர், போகிறவர் எல்லாரும் அதைப் பிடித்துச் சில தரம் கடைந்துவிட்டுப் போவார்கள். ஆயிரக்கணக்கான கடைசல் இருந்தால்தான் ஐரக் ருசிக்கும். நீங்களும் கடையுங்கள், வீட்டார் மகிழ்வார்கள். ஜூலை நடுவிலிருந்து குட்டிகளை வரிசையாகக் கட்டிப்போட்டு, பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கறப்பார்கள். கொஞ்சம் போதையும் உண்டு. புதியவர்களின் வயிறு முதல் நாள் முரண்டு பிடிக்கும், அதனால் சில வாய் போதும். வேண்டாம் என்றால் மறுக்காமல் உதட்டில் தொட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு நேரே சொல்லிவிடுகிறேன்: கஷ்டம்தான். கறி இல்லாத சமையல் அங்கே கற்பனைக்கு எட்டாதது. "பி மஹ் இத்தெக்குய்", நான் இறைச்சி சாப்பிடுவதில்லை, என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள். பால் பண்டங்கள் உங்களைக் காப்பாற்றும். காய்ச்சி ஆறவைத்த பாலின் மேல் படியும் கெட்டியான ஆடை 'ஒரம்'. ரொட்டியில் தடவிச் சாப்பிட்டால் அவ்வளவு சுவை. 'ஆரூல்' என்பது புளித்த பாலைப் பிழிந்து, துண்டாக்கி, கெர்ரின் கூரைமேல் பலகையில் பரப்பி வெயிலில் காயவைத்தது. கல் மாதிரி இருக்கும், வாயில் ஒதுக்கிக் கரைக்க வேண்டும். மற்றபடி அரிசி, ரசப்பொடி, ஊறுகாய், அவல் எடுத்துப் போங்கள். அடுப்பில் எரிவது வறட்டி. அங்கே அதற்கு 'அர்கல்' என்று பெயர், தட்டாமல் மேய்ச்சல் நிலத்தில் தானாகக் காய்ந்ததைப் பொறுக்கி வருவார்கள். அந்தப் புகை வாசம் உங்களில் பலருக்குப் பாட்டி வீட்டை நினைவுபடுத்தும்.

காலையில் சீக்கிரம் எழுந்திருங்கள். வீட்டுப் பெண் அன்றைக்கு முதலில் காய்ச்சிய தேநீரை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். கையில் நீளக் காம்புள்ள ஒரு மரக்கரண்டி. அதன் அகலமான தலையில் மூன்று மூன்றாக ஒன்பது சின்னக் குழிகள் செதுக்கியிருக்கும். தேநீரில் தோய்த்து வானத்தை நோக்கி வீசுவார், திசை திசையாக. ஒன்பது துளிகள் வெயிலில் பிரிந்து போவது ஒரு கணம் தெரியும். வானத்துக்கும் மலைக்கும் ஆற்றுக்கும் முதல் பங்கு. அதற்குப் பிறகுதான் வீட்டில் எவரும் குடிப்பார்கள். அந்த நேரத்தில் படம் எடுக்க வேண்டாம், பக்கத்தில் சும்மா நில்லுங்கள்.

இப்போது கற்களிடம் போகலாம்

எர்தெனே ஜூ மடாலயத்தின் மதிலை வெளியிலிருந்து ஒரு சுற்று நடந்துவிட்டு உள்ளே போங்கள். பக்கத்துக்குச் சுமார் 400 மீட்டர், சதுரம். மதில் நெடுக வெள்ளைத் தூபிகள். மொத்தம் 108 என்பார்கள். 1585இல் அப்தாய் கான் என்ற மங்கோலியத் தலைவர் இதைக் கட்டத் தொடங்கியபோது கல்லுக்காக வெகு தூரம் போகவில்லை. பக்கத்தில் இடிந்து கிடந்த காரகோரத்தையே எடுத்துக் கட்டினார்கள். தலைநகர் எங்கே என்று தேடுகிறவர்கள் இந்த மதிலைத்தான் பார்க்க வேண்டும்.

'எர்தெனே' என்ற சொல் நமக்கு அந்நியமில்லை. வடமொழி 'ரத்னா' துருக்கிய இனத்தவரான உய்குர்களின் மொழி வழியாக நடந்து நடந்து மங்கோலியத்தில் எர்தெனே ஆனது. நம்மூரில் அதுவே ரத்தினம். 'ஜூ' என்பதற்கு நூறு என்று பொருள் சொல்லி, நூறு ரத்தினங்கள் என்பார்கள். புத்தரைக் குறிக்கும் 'ஜோவோ' என்ற திபெத்தியச் சொல் அது என்றும் சொல்வதுண்டு. இப்படி இன்னும் நிறைய அகப்படும். கோள்களின் மங்கோலியப் பெயர்களைக் கேளுங்கள்: புத், சுகர், அங்காரக், பர்ஹஸ்பாதி, சஞ்சிர். புதன், சுக்கிரன், அங்காரகன், பிரகஸ்பதி, சனீச்சரன். மங்கோலியக் கொடியில் இருக்கும் சின்னத்தின் பெயர் 'சோயொம்போ', அது சுயம்பு. பௌத்தம் இந்தச் சொற்களைச் சுமந்துகொண்டு இமயம் தாண்டிப் போயிருக்கிறது. அங்கே சஞ்சிர் என்று பெயர் வைத்த பிள்ளைகளும் இருப்பார்கள்.

உள்ளே நுழைந்ததும் வெறுமைதான் முதலில் படும். ஒரு காலத்தில் 60க்கு மேற்பட்ட கோயில்களும் ஆயிரம் பிக்குகளும் இருந்த இடம். 1930களின் கடைசியில் சோவியத் பாணியில் நடந்த மத அழிப்பில் பெரும்பாலான கோயில்கள் இடிக்கப்பட்டன. நாடு முழுக்கப் பிக்குகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். எஞ்சிய கட்டடங்கள் 1947இல் அருங்காட்சியகம் ஆயின. 1990இல் வழிபாடு திரும்பியது. அந்தப் புல்தரையில் நடக்கும்போது காலடியில் இருப்பது வெற்றுத் தரை இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஓரத்தில் மூன்று கோயில்கள் நிற்கின்றன. பாரூன் ஜூ, கோல் ஜூ, சூன் ஜூ. வலம், நடு, இடம். நாம் முதலில் படித்த திசைச் சொற்கள்தான். திபெத்திய பாணியிலுள்ள லவ்ரின் கோயிலில் காலையில் பிக்குகள் ஓதுவதைக் கேட்கலாம். உள்ளே வலமாகச் சுற்றுங்கள், குல்லாவைக் கழற்றுங்கள், படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

மதிலின் வடக்கு வாசல் வழியே வெளியேறினால் ஒரு திறந்த வெளியும் ஒரு கல் ஆமையும். அந்த வெளிதான் காரகோரம். 1220இல் செங்கிஸ் கான் இந்த இடத்தைத் தேர்ந்தார் என்பது மரபு. 1235இல் அவர் மகன் ஒகெதேய் மதில் எழுப்பி அரண்மனை கட்டினார். 1254இல் ருப்ருக் ஊரைச் சேர்ந்த வில்லியம் என்ற ஃபிரான்சிஸ்கன் துறவி இங்கே வந்து தங்கி, பார்த்ததை எழுதிவைத்தார். பன்னிரண்டு கோயில்கள், இரண்டு மசூதிகள், ஒரு தேவாலயம் என்று கணக்குக் கொடுக்கிறார். முஸ்லிம் வணிகர்களின் தெரு ஒன்று, சீனக் கைவினைஞர்களின் தெரு ஒன்று. கிழக்கு வாசலில் தினையும் மற்றத் தானியமும், மேற்கில் ஆடும் வெள்ளாடும், தெற்கில் மாடும் வண்டியும், வடக்கில் குதிரையும் விற்றார்களாம். அரண்மனையில் பாரிசுப் பொற்கொல்லர் கியோம் புஷே செய்த வெள்ளி மரம் நின்றது. அதன் அடியில் நான்கு சிங்கங்களின் வாயிலிருந்து குதிரைப்பால் கொட்டியது. அதன் குழாய்களில் திராட்சை மது, தேன் மது, அரிசி மது. நீங்கள் முந்தின நாள் கெர்ரில் குடித்த அதே ஐரக் வகைதான் கானின் சபையிலும் ஓடியிருக்கிறது.

இப்போது மறுபடி புல்லைப் பாருங்கள். இந்த நிலம் குதிரைக்குத் தீனி போடும். நகரத்துக்குச் சோறு போடாது. சீனப் பக்கத்திலிருந்து நாள்தோறும் 500 வண்டிகளில் உணவு வந்ததாக அக்காலப் பாரசீக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். 1260இல் செங்கிஸ் கானின் பேரன் குப்லாய்க்கும் அவர் தம்பி அரிக் போகேவுக்கும் பட்டத்துக்குச் சண்டை வந்தபோது குப்லாய் அந்தத் தானிய வழியை அடைத்தார். காரகோரம் பட்டினி கிடந்தது. வென்ற குப்லாய் தலைநகரைத் தெற்கே, இன்றைய பெய்ஜிங் இருக்கும் இடத்துக்கு மாற்றிக்கொண்டார். 1388இல் சீனாவின் மிங் வம்சப் படை வந்து நகரை அழித்தது. பல நூறு ஆண்டு கழித்து, 1950களில், அதே ஓர்ஹோனில் கால்வாய் வெட்டி அரசுக் கோதுமைப் பண்ணை போட்டார்கள். குன்றிலிருந்து பார்த்த கட்டம் கட்டமான வயல்கள் அந்த முயற்சியின் மிச்சம்.

இதற்கெல்லாம் பிறகு காரகோரம் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நகரத்தின் மாதிரி அங்கே இருக்கிறது. வெளியை நடந்து பார்த்துவிட்டு மாதிரியைப் பார்த்தால்தான் அளவு பிடிபடும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பள்ளத்தாக்கின் மற்ற இடங்கள்

ஓர்ஹோன் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒரு கட்டடத்தை அல்ல, 1,21,967 ஹெக்டேர் நிலப்பரப்பையே. மேய்ச்சலும் அந்தப் பாரம்பரியத்தில் அடக்கம்.

வடக்கே சுமார் 45 கி.மீ. போனால் ஹொஷோ சைதாம். துருக்கி அரசின் உதவியில் நல்ல சாலையும் அருங்காட்சியகமும் உண்டு. 8ஆம் நூற்றாண்டுத் துருக்கியத் தலைவர்கள் குல் தெகின், பில்கே ககான் இருவரின் நினைவுக் கல்வெட்டுகள் அங்கே நிற்கின்றன. 732, 735ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. 1889இல் ரஷ்ய ஆய்வாளர் யாத்ரிந்த்சேவ் அவற்றைக் கண்டார், 1893இல் டென்மார்க்கின் வில்ஹெல்ம் தாம்சன் எழுத்தைப் படித்தார். கல்வெட்டு தன் மக்களிடம் பேசுகிறது: சீனரின் இனிய சொல்லிலும் மெல்லிய பட்டிலும் மயங்கிப் போகாதீர்கள், இந்த மலைநாட்டிலேயே இருங்கள். 500 ஆண்டு கழித்து அதே பள்ளத்தாக்கில் ஒரு தலைநகர் சீனத் தானியத்தை நம்பிப் பட்டினி கிடந்ததை நினைத்துக்கொண்டு அதைப் படியுங்கள்.

திரும்பும் வழியில் ஹர் பல்காஸ், உய்குர்களின் தலைநகர். 840இல் கிர்கிஸ் படை எரித்தது. மண் கோட்டை இன்னும் உயரமாக நிற்கிறது. நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள்.

தெற்கில் துவ்ஹொன் மடாலயம், சிற்பியும் துறவியுமான சனபசார் தவமிருந்த இடம். சோயொம்போ எழுத்தை 1686இல் உருவாக்கியவர் அவர். வண்டி கீழே நின்றுவிடும், காட்டுக்குள் ஒரு மணி நேரம் ஏற வேண்டும். மழைக்கு மறுநாள் வேண்டாம், வழுக்கும். அதற்கும் அப்பால் எரிமலைக் குழம்பு உறைந்த பாறைவெளியைத் தாண்டி உலான் சுத்கலான் அருவி, சுமார் 20 மீட்டர். போக மட்டுமே அரை நாள் ஆகும், எலும்பு குலுங்கும். கோடைத் தொடக்கத்தில் தண்ணீர் இல்லாமலும் போகலாம். ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் என்றால் போங்கள். இல்லையென்றால் அந்த நாளை ஆற்றங்கரையில் செலவிடுவது மேல்.

வழியில் கற்குவியலும் நீலத் துணியும் தெரிந்தால் அது 'ஓவோ'. இறங்கி மூன்று முறை வலம் வாருங்கள், ஒரு கல் சேருங்கள்.

கிளம்பும் நாள்

குடும்பத்துக்குப் பரிசாகத் தேயிலை, மிட்டாய், பிள்ளைகள் இருந்தால் நோட்டும் வண்ணப் பென்சிலும் கொடுங்கள். மது வேண்டாம். தங்கியதற்கான பணத்தை மடித்து, இரு கையாலும் கொடுங்கள். "பயர்லலா" என்றால் நன்றி.

வண்டி புறப்பட்டதும் ஓட்டுநரைக் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். வீட்டுப் பெண் வெளியே வந்து, போகிறவர்களின் பின்னால் ஒரு கரண்டிப் பால் தெளிப்பார். அதைப் பார்த்துவிட்டு வேகம் எடுக்கலாம்.